நானூற்றுப் பதினேழாம் ஆணி

அந்தப் புதன்கிழமை மதியம் ட்ரூடாவின் ஜன்னல் தட்டில் விழுந்த வில்லைகளில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

வெளியே மழை இல்லை. காலை ஷிப்ட் முடிந்து இரும்புக் கூண்டில் மேலே வந்த ஆட்கள், கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாகத் தெரிய, "கடவுள் துணை, கடவுள் துணை" என்று முணுமுணுத்தபடி வரிசையில் நகர்ந்து, ஆளுக்கொரு பித்தளை வில்லையைத் தட்டில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். வில்லையில் இருக்கும் நம்பரை அரைக் கண்ணால் பார்த்தால் போதும், அவள் கை தானாகப் போய்ப் பலகையில் அந்த நம்பர் ஆணியில் மாட்டிவிடும். பதினோரு வருஷப் பழக்கம். இதையும் அப்படித்தான் மாட்டினாள். விரலில் ஒட்டிய ஈரம் ஐஸ் மாதிரி இருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் எந்த ஆணி என்று நிமிர்ந்து பார்த்தாள்.

417.

எவால்டின் ஆணி. சுரங்கத்தில் செத்தவனின் ஆணியைப் சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் திருநாள் வரைக்கும் காலியாக விட்டுவைப்பது அங்கே வழக்கம். திருநாள் வரும் சனிக்கிழமை. அவள் புருஷன் எவால்ட் செத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வரிசை அதற்குள் நகர்ந்துவிட்டது. தட்டிலிருந்து பின்வாங்கிய ஒரு கையின் நினைவு மட்டும் கண்ணில் இருந்தது. விரல் முட்டியில் ஒரு நீலத் தழும்பு, கொக்கி போல வளைந்தது. காயத்துக்குள் கரி புகுந்து ஆறினால் தோல் அப்படித்தான் நீலமாகும், அந்த ஊரில் நீலத் தழும்பு இல்லாத கை எது? ஆனால் அந்தக் கொக்கியை அவள் பதினாலு வருஷம் இருட்டில் தடவிப் பார்த்தவள். அவளுக்குத் தெரியாதா?

பக்கத்து ஜன்னலில் இருந்த வலெஸ்கா திரும்பிப் பார்த்தாள். "என்னடி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. பசி," என்றாள் ட்ரூடா. வில்லையைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். வீடு போகும்வரை அது அவள் தொடையைக் குளிர வைத்துக்கொண்டே இருந்தது.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் பூமிக்கடியில் இருக்கிறான் என்று அர்த்தம். ஷிப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் ஆணி நிறையாவிட்டால் கீழே போன் போகும், ஆள் தேடப் போவார்கள். சில சமயம் யாராவது அவசரத்தில் வில்லையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவதும் உண்டு. அப்போது வாசல் ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூவுவார்கள். ஊரே சிரிக்கும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்த மதியமும் அப்படித்தான் ஆயிற்று. இரண்டரை மணிக்கு 417 மட்டும் காலி. வலெஸ்கா தலையை நீட்டிப் பார்த்து, கண்ணைச் சிமிட்டினாள். "என்னடி, உன் புருஷனக் காணோம்? ஒலிபெருக்கியில எதுக்குக் கூப்பிடணும்? உங்க கட்டடத்து மூணாம் மாடியில போய்த் தேடு, கிடைப்பாரு!"

மூன்றாம் மாடியில் எர்னா இருந்தாள். நுரையீரலில் தூசி அடைத்துச் செத்த ஒரு சுரங்கக்காரனின் விதவை. துணி தைத்துப் பிழைப்பவள். முப்பத்திரண்டு வயது, நல்ல கழுத்து. வாரத்துக்கு இரண்டு தடவை எவால்ட் ஒரு வாளிக் கரியை அவளுக்காகத் தூக்கிக்கொண்டு படி ஏறுவான். தன் வீட்டுக் கதவைத் தாண்டி அந்த வாளி மேலே போகும் சத்தத்தைக் கேட்டு, உள்ளே உட்கார்ந்து ட்ரூடா வெந்து போவாள். அன்று காலையில்கூட அதற்காகச் சண்டை. "சாயங்காலம் அவ அடுப்புக் குழாயப் பாக்குறேன்னு சொல்லியிருக்கேன், பாவம்" என்று அவன் சொன்னான். அந்தப் 'பாவம்' என்ற சொல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

குளிக்காமல்கூட அங்கே ஓடிவிட்டானா? வில்லையைக்கூட மறந்து? பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கூவவிட்டு, வலெஸ்கா வாயால் ஊர் முழுக்கச் சிரிக்கவிட அவள் தயாராக இல்லை. வில்லையைத் தொலைப்பவர்களுக்காக மேசை டிராயரில் நம்பர் அடிக்காத வில்லைகள் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். 417-இல் மாட்டினாள். அவ்வளவுதான்.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. கீழே பம்பு பார்க்கிறவன். "யம்மா, கிழக்குப் பக்கம் குழாயில யாரோ தட்டுற மாதிரி இருக்கு. எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்க. ஆணி ஒண்ணும் காலி இல்ல," என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று எர்னாவின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் ஒரு ஆம்பளையின் நிழல் நடமாடியது. அவள் நகத்தைக் கடித்துத் துப்பினாள், வரட்டும் வரட்டும் என்று மனசுக்குள் கறுவினாள். ராத்திரி எட்டு மணிக்கு, குளியல் கூடத்தைக் கழுவ வந்தவன் அண்ணாந்து பார்த்திருக்கிறான். அங்கே ஆட்கள் வெளியுடுப்பைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைக்கு இழுத்துவிட்டுத்தான் கீழே போவார்கள். காலை ஷிப்ட் வரிசையில் எல்லாச் சங்கிலியும் இறங்கியிருந்தது. ஒன்று மட்டும் உயரத்தில், ஒரு சட்டையும் கால்சட்டையும் தொங்க, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எவால்டைக் கிழக்குப் பக்கம் சரிந்த கரிக்குள்ளிருந்து வெளியே எடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது என்றார்கள். கையில் ஒரு கல் இருந்ததாம். அவனுடைய வில்லை மட்டும் கிடைக்கவே இல்லை. விசாரணையில் ட்ரூடா, "வில்லை வந்துச்சு, மாட்டினேன், எப்படின்னு எனக்குத் தெரியல" என்று அழுதாள். புருஷனைப் பறிகொடுத்தவளை அதற்கு மேல் யார் நோண்டுவார்கள்?

அவர்கள் இருந்தது சுரங்கக் குடியிருப்பின் செங்கல் கட்டடம் ஒன்றில். அவர்கள் ஊரான கட்டோவிட்சே மாகாணத் தலைநகரம், நடுவூரில் டிராமும் அலுவலகங்களும் பெரிய கடைகளும் உண்டு. ஆனால் குடியிருப்புக்குள் வந்துவிட்டால் எல்லாம் கரிதான், ஜன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி கறுத்துவிடும். வீட்டில் ஒவ்வொருத்தரும் வேறு வேறு ஷிப்ட்டில் போவதால் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே போகிறவர்கள் கதவைப் பூட்டி, கீழ் வாசலில் காவல்காரி மார்த்தா அறைக்குப் பக்கத்துப் பலகையில் சாவியை மாட்டிவிட்டுப் போவார்கள். சாவி தொங்கினால் வீட்டில் ஆள் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

புதன்கிழமை ட்ரூடா தன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு படியேறி, கதவைச் சாத்தி, அடுப்பைக் கிளறிவிட்டு உட்கார்ந்தாள். மணி மூன்றே முக்கால் இருக்கும். கீழே படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அவசரமில்லாத நடை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை. ஒவ்வொரு படியிலும் பூட்ஸுக்குள் தண்ணீர் சளக்கென்றது. கூடவே ஒரு வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. ஈரக் கரியும் உளுத்த மரமும் பழைய காற்றும் சேர்ந்த வாடை. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதோ வந்துவிட்டான். கதவுக்கு நேரே வந்துவிட்டான்.

நடை நிற்கவில்லை. அவள் கதவைத் தாண்டி, திருப்பத்தில் திரும்பி, மேலே ஏறியது. மூன்றாம் மாடிக்கு.

சளக். சளக். அப்புறம் எர்னாவின் கதவில் மூன்று தட்டு.

பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ட்ரூடாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. "உசுரோட இருந்தப்பவும் அவ வீடு," என்று பல்லைக் கடித்தாள், "செத்தப்புறமும் அவ வீடுதானா உனக்கு?"

சத்தம் அடங்கிய பிறகு கதவைத் திறந்து பார்த்தாள். படியில் கறுப்பு ஈரத் தடங்கள், மேலே போகிறவை மட்டும். இறங்கி வந்ததற்குத் தடமே இல்லை.

வியாழக்கிழமையும் தட்டில் ஈர வில்லை விழுந்தது. இடுப்புப் பையிலிருந்த வில்லையைத் தேடினாள், பை காலி. அன்றும் மூன்றே முக்காலுக்குக் காலடி வந்தது. அவள் அவன் செருப்பை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்திருந்தாள், அவனுக்குப் பிடித்த மாதிரி காபியைப் பாலில்லாமல் போட்டு வாசம் வெளியே போகும்படி கதவோரம் வைத்திருந்தாள். காலடி செருப்பைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. மேலே ஏதோ பேச்சுக் குரல். எர்னாவின் குரல்தான், என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை. அவளிடம் பேசுகிறான். எர்னாவிடம் பேசுகிறான்! அன்றைக்கு ட்ரூடா சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஓட்டமாக வந்து, அவன் வரும் முன்னே மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவை இடித்தாள்.

திறந்த எர்னாவைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம், வாடி வதங்கிப் போயிருந்தாள். கழுத்தில் ஜெபமாலை.

"வா ட்ரூடா," என்றாள் எர்னா. "உனக்கும் கேக்குதா?"

"எனக்குக் கேக்குறது இருக்கட்டும். அவன் உங்கிட்ட என்ன பேசுறான்? அதச் சொல்லு."

"உள்ள வரமாட்டேங்கிறாரு. வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு, தெனமும்." எர்னா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். "'என் வில்லைய யாரு மாட்டினா?' இதேதான். எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன். தெரிஞ்சாச் சொல்லித் தொலைச்சிருக்க மாட்டேனா?"

ட்ரூடா கேட்க வந்ததை மட்டும் கேட்டாள். "அன்னிக்குச் சாயங்காலம் உன் ஜன்னல்ல ஒரு ஆம்பள நிழல் தெரிஞ்சுதே. யாரு அது?"

"புகைபோக்கி சுத்தம் பண்ற ஆளு. எவால்ட் வரேன்னாரு, வரல. அதான் அந்த ஆளக் கூப்பிட்டேன்." எர்னா நேராகப் பார்த்தாள். "இத பாரு, நான் பொய் சொல்லல. எனக்கு அவரப் பிடிச்சுதான் இருந்துச்சு. ஆனா ஒரு நாளும் இந்த வாசலத் தாண்டி அவர் உள்ள வந்ததில்ல. வாளிய வெச்சுட்டு, 'ட்ரூடா சமைச்சு வெச்சிருப்பா'ன்னு சொல்லிட்டு இறங்கிடுவாரு."

அதைக் கேட்டால் யாருக்கும் மனசு உருகும். ட்ரூடாவுக்கு அதுவும் எரிந்தது. அந்த வார்த்தையைக்கூட இவளிடமா சொல்ல வேண்டும்?

"கேக்குறதுன்னா பொண்டாட்டிகிட்டக் கேக்கணும்," என்றாள். "எங்கிட்ட ஏன் வரல?"

"ஏன்னா உன்மேல அவருக்குச் சந்தேகமே வரல," என்றாள் எர்னா மெதுவாக. "அதச் செஞ்சது நானாத்தான் இருக்கும்னு நெனைக்கிறாரு போல. இல்ல, யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு. எனக்குப் பயமா இருக்கு ட்ரூடா."

வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். வேலை பிழைத்திருக்கும், பென்ஷன் பிழைத்திருக்கும், ஜெயிலும் இல்லை, ஊர் வாயும் இல்லை. ஆனால் தினமும் மூன்றே முக்காலுக்கு அவள் கதவைத் தாண்டி அந்த நடை மேலே போகும். சாகும்வரை போகும். கடைசியில் அவன் இந்த எர்னாவைக் கூட்டிக்கொண்டு போனாலும் போவான். அதை நினைத்தபோதுதான் அவள் வாய் திறந்தது.

"நான்தான்."

"என்ன?"

"நான்தான் மாட்டினேன். அவன் உங்கிட்ட ஓடிட்டான்னு நெனச்சு மாட்டினேன். போதுமா? அவன் வந்தாச் சொல்லு. உன் பொண்டாட்டிதான் மாட்டினா, போய் அவகிட்டக் கேளுன்னு சொல்லு!"

எர்னா சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "ஆறு மணி நேரம் தட்டியிருக்காரே டீ..." என்றாள். "பாவி, ஆறு மணி நேரம்!"

ட்ரூடா இறங்கித் தன் வீட்டுக்குள் வந்து கதவில் காதை வைத்து நின்றாள். பூட்ஸ் வந்தது. தாண்டியது. மேலே ஏறியது. மூன்று தட்டு. எர்னாவின் குரல் விட்டு விட்டு, அழுகையோடு. அப்புறம் ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை திருநாள். விடியற்காலையில் சுரங்க பேண்டு வாத்தியம் முற்றம் முற்றமாக ஊதிக்கொண்டு வந்தது, கறுப்புச் சீருடையும் இறகு வைத்த தொப்பியுமாக ஆட்கள் பூசைக்குப் போனார்கள், பாதிரியார் அந்த வருஷம் செத்தவர்களின் பெயரில் எவால்டின் பெயரையும் வாசித்தார். ஷிப்ட் இல்லை. காலடியும் இல்லை. எர்னா கோயிலில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை போல. யாரும் ட்ரூடாவை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ட்ரூடா விடிந்ததும் எழுந்து சமைத்தாள். இறைச்சிச் சுருளுக்குள் வெங்காயமும் ஊறுகாயும் வைத்து நூலால் கட்டி வேகவைத்தாள். குழி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, சிவப்பு முட்டைக்கோஸ். இரண்டு தட்டு வைத்தாள். கல்யாணத்தன்று போட்ட பவள மாலையைப் போட்டுக்கொண்டாள். கன்னத்தைக் கிள்ளிச் சிவப்பாக்கிக்கொண்டாள். சாவி கதவின் உட்பக்கப் பூட்டில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெளிச்சம், முற்றத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன, எதிர் ஜன்னல்களில் பெண்கள் தலையணை போட்டுச் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு முன்னதாகவே, இரண்டேகாலுக்குக் கீழே பூட்ஸ் சத்தம்.

சளக். சளக். முதல் மாடி. திருப்பம். வாடை வந்தது. அவள் எழுந்து நின்றாள். தாண்டிப் போகாதே. தாண்டிப் போகாதே.

நின்றது. அவள் கதவுக்கு நேரே நின்றது.

அழுதுவிட்டாள். பயத்தில் அல்ல. ஜெயித்துவிட்ட அழுகை. கதவைத் திறந்தாள்.

எவால்ட்தான். முழுக்கக் கறுப்பு. கண்ணில்கூட வெள்ளை இல்லை. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, தரையில் பட்டதும் கறுத்தது. அவன் அவளைத் தாண்டி உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வந்துட்டியாய்யா," என்றாள். "என் ராசா. உன் வீட்டுக்கு வர இத்தன நாளா?"

அவன் தட்டைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான், பார்ப்பதற்கு அங்கே கண் இருந்தால்.

"நான் வேணும்னு செய்யலய்யா. அவகிட்டப் போயிட்டன்னு நெனச்சேன். ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்க முடியல என்னால. அது தப்பா? சொல்லு. திட்டு. ரெண்டு அறை அறை."

அவன் எழுந்தான். உள்ளங்கையை விரித்து, ஈர வில்லையை அவள் தட்டின் ஓரத்தில் வைத்தான். முட்டியில் நீலக் கொக்கி. கதவுக்குப் போனான். பூட்டிலிருந்து சாவியை உருவினான். வெளியே போய்க் கதவைச் சாத்தினான். பூட்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

மறுபடியும் மேலே போகிறானா? அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது. கதவில் காதை வைத்தாள்.

சளக். கீழே. கீழேதான் போனான்! எர்னா வீட்டுக்கு இல்லை. சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் மாடி. வாசல்.

அங்கே நின்றது.

பிறகு ஒரு சின்னச் சத்தம். கிளிங் என்று. ஆணியில் சாவி மாட்டுகிற சத்தம்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அறை ஏன் இப்படி இருட்டுகிறது? மதியம்தானே? பிள்ளைகள் சத்தம் ஏன் கேட்கவில்லை? ஜன்னலுக்கு ஓடித் திரையை விலக்கினாள். சிவப்புச் சாயமடித்த சட்டம் இருந்தது. கண்ணாடி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் முற்றம் இல்லை. கரி. கீழிருந்து மேல்வரை, மினுமினுக்கும் ஈரக் கரிச் சுவர். கண்ணாடியில் விரிசல் ஓடியது. சட்டத்தின் மேலிருந்து பொடி உதிர்ந்தது.

"மார்த்தாக்கா!" என்று கத்தினாள். குரல் எங்கேயும் போகவில்லை. மூச்சு இழுத்தாள். காற்று குறைவாக இருந்தது. கதவை இடித்தாள். கதவு கல்லாக இருந்தது.

அடுப்போரம் தண்ணீர்க் குழாய் இருந்தது. கீழ் வாசலிலிருந்து மூன்றாம் மாடிவரை போகும் குழாய். தட்டிலிருந்த வில்லையை எடுத்துத் தட்டினாள். மூன்று. நிறுத்தி, மூன்று. மறுபடி மூன்று.

குழாய்க்குள் எங்கோ தூரத்தில் குரல்கள் கேட்டன. எர்னா படியில் நின்று கீழே கேட்கிறாள். "மார்த்தாக்கா, ட்ரூடா வீட்டுல யாரோ தட்டுற மாதிரி இருக்கே?"

"நீ தப்பாக் கேட்டிருப்ப," என்றது காவல்காரியின் குரல், நிதானமாக. "இந்தா, அவ சாவி ஆணியில தொங்குது. வீட்டுல ஆள் இல்ல."

ட்ரூடா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்லுடி. உனக்குத் தெரியும், ஆணியில தொங்குறத நம்பாதேன்னு சொல்லுடி.

"சரிக்கா," என்றாள் எர்னா. மூன்றாம் மாடியில் ஒரு கதவு சாத்தியது.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ட்ரூடா குழாயில் தட்டிக்கொண்டே இருந்தாள், எதிர்த் தட்டில் அவனுக்கென்று வைத்த கொழுக்கட்டைகளின் மேல் கரிப்பொடி மெதுவாக விழுந்துகொண்டிருந்தது.